டீ என்று நினைத்துக் குடித்தேன்... டோக்கியோவில் ஓர் இரவு!

அந்த டம்ளரில் இருந்தது ஐஸ் டீ என்றுதான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தேன். கடைசிவரை என்றால், முக்கால் டம்ளர் காலியாகும் வரை!

2025 மார்ச் கடைசி வாரம் டோக்கியோ போயிருந்தேன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஆறு வருடங்களாக அங்கே ஐ.டி வேலையில் இருக்கிறார். நிஷிகசாய் என்ற ஏரியாவில் வீடு. ஜப்பானில் இந்தியர்கள் நிறைய பேர் வசிக்கும் இடம் அது. ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் துவரம்பருப்பு விற்கும் மளிகைக்கடை கண்ணில் படும். என்னோடு ஜர்னலிசம் டிப்ளமோ படித்த நண்பனும் உடன் வந்தான். இப்போது போட்டோகிராஃபர். அவன் ஷின்ஜுகுவில் ஒரு கேப்சூல் ஹோட்டலில் தங்கிக்கொண்டான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "ஏட்டி, அங்க ஆபீஸ்ல எல்லாரும் சாயந்தரமானா குடிக்கப் போயிருவாங்களாம். இவனையும் கூப்பிடுதாங்களாம். போவேன், குடிக்க மாட்டேன்னு சொல்லுதான். நீ நேர்ல பாத்துட்டு வந்து எனக்கு உண்மையைச் சொல்லணும். நீ ரிப்போர்ட்டர்தானே?"

சிரித்துக்கொண்டே சரி என்றேன். ஆனால், அது சிரிக்கும் விஷயம் இல்லை. பெரியம்மாவின் தம்பி, எங்கள் மாமா, 41 வயதில் போய்ச் சேர்ந்தார். கல்லீரல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. கல்யாண வீட்டில் பின்பக்கம் யாராவது ஒதுங்கினாலே பெரியம்மா எழுந்து கிளம்பிவிடுவார்.

எனக்கும் அந்தப் பக்கம் பழக்கம் இல்லை. அதனால் 'நமக்கென்ன, குடிக்கிறவங்கதானே ஜாக்கிரதையா இருக்கணும்' என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

முதல் நாளே ஒரு குட்டு விழுந்தது, ஆறு வயதுக் குழந்தையிடமிருந்து.

ஜப்பானில் தெருவுக்குத் தெரு 'கொன்பினி' என்று சின்ன சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு. பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். சோற்று உருண்டை, குடை, சாக்ஸ், ஏ.டி.எம் எல்லாம் அங்கேயே. பால் பாக்கெட் இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு அடுத்த ஃப்ரிட்ஜில் பீர். கம்பி வலை இல்லை, கூட்டம் இல்லை, யாரும் தலையைக் குனிந்துகொண்டு வாங்குவதும் இல்லை. அண்ணன் மகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று, பீச் பழம் படம் போட்ட அழகான கேன் இரண்டு எடுத்தேன். பிங்க் கலர், பனித்துளி, பழத்துண்டு... பார்த்தால் ஜூஸேதான்.

"அத்தை, அது ஒசாகே" என்றாள் குழந்தை.

ஒசாகே என்றால் மது. அது 'சூஹாய்' என்ற வகை. ஷோச்சு என்கிற வடித்தெடுத்த மதுவில் சோடாவும் பழச்சாறும் கலப்பது. 3 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். சாதாரண பீரில் இருப்பது சுமார் 5 சதவீதம்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேனில் எங்காவது ஒரு மூலையில் ஒசாகே என்று ஜப்பானிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்வையற்றவர்கள் ஜூஸ் என்று எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல கேன்களின் மேல்மூடியில் பிரெய்லிலும் அதே வார்த்தை இருக்கும். ஜப்பானிய எழுத்து தெரியாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் எந்த வழியும் இல்லை. அண்ணி தன் மகளுக்கு எழுத்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோதே இந்த ஒரு அடையாளத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குழந்தையோடு ஜப்பான் போகிறவர்கள், கேனை எடுத்ததும் கடைக்காரரிடம் காட்டி "ஒசாகே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தலையாட்டினால் திரும்ப வைத்துவிடலாம்.

அங்கே குடிப்பதற்கான சட்டப்படியான வயது 20. வயதுக்கு வந்தவர் என்பதற்கான வயதை 2022 ஏப்ரலில் 18 ஆகக் குறைத்தார்கள். ஆனால், மதுவுக்கும் புகைக்கும் 20 என்பதை மாற்றவில்லை.

இனி டம்ளர் கதைக்கு வருகிறேன்.

ஜப்பானில் நிதியாண்டு நம்மைப் போலவே மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலில் இடமாற்றங்கள். அதனால் மார்ச் கடைசியில் ஆபீஸ்களில் வழியனுப்பு விருந்து சீசன். அண்ணன் டீமில் ஒருவருக்கு ஒசாகாவுக்கு மாற்றல். ஊரிலிருந்து தங்கை வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், அவளையும் கூட்டி வாருங்கள் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

இடம் ஷிம்பாஷி. ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய நீராவி ரயில் இன்ஜின் நிற்கும். அதைச் சுற்றி சாயந்தரமானால் கறுப்பு கோட் போட்ட ஆபீஸ் ஆட்கள். சம்பள உயர்வு, தேர்தல் என்று எதைப் பற்றியாவது 'சாமானியர் கருத்து' வேண்டுமென்றால் டி.வி நிருபர்கள் மைக்கோடு வந்து நிற்பது இந்த இடத்தில்தானாம். நம்மூர் டீக்கடை பெஞ்சுக்கு இருக்கும் மவுசு, அங்கே ஷிம்பாஷி வாசலுக்கு. தொழில் பாசத்தில் நானும் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் போனது ஓர் இசகாயா. சாப்பாடும் மதுவும் கிடைக்கும் கடை. செருப்பைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனால், சூடான துண்டு கொடுத்தார்கள். கை துடைத்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு குட்டிக் கிண்ணத்தில் ஏதோ காய்கறி வந்தது. "நாம எதுவும் கேக்கலையே அண்ணா?" என்றேன். "இதுக்குப் பேரு ஒதோஷி. உட்கார்ற காசுன்னு வச்சுக்கோ. பில்லுல 300, 400 யென் வரும். டூரிஸ்ட்டுங்க ஏமாத்துறாங்கன்னு சண்டை போடுவாங்க. இது ஏமாத்து இல்ல, வழக்கம்" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஏமாற்று வேறு மாதிரி இருக்கும், அது பின்னால் வருகிறது.

முதல் ரவுண்டில் எல்லோரும் பீர் சொல்வது எழுதாத விதி. எல்லோர் கையிலும் டம்ளர் வந்து, 'கன்பாய்' சொல்லி உயர்த்தும்வரை ஒருவரும் வாயில் வைப்பதில்லை. தன் டம்ளரில் தானே ஊற்றிக்கொள்வதும் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நாம் ஊற்ற வேண்டும், நமக்கு அவர் ஊற்றுவார். பெரியவர் ஊற்றினால் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடிக்க வேண்டும். டம்ளர் காலியாக இருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். நம்மூர் பந்தியில் இலையை மடிக்கும்வரை பரிமாறிக்கொண்டே இருப்பார்களே, அதே கதை. ஆகவே, போதும் என்று நினைப்பவர்கள் டம்ளரை நிறைவாகவே விட்டுவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அண்ணனுக்கு வந்தது பழுப்பு நிறத்தில் ஊலாங் டீ. ஜப்பானில் குடிக்காதவர்களின் தேசிய பானமே அதுதான் என்று சொல்லலாம். 'ஊலாங்-சா' என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் முதலில் ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன். ஆறு வருடத்தில் ஒரு கன்பாய்க்கும் அவர் பீரைத் தொட்டதில்லை என்று பக்கத்திலிருந்தவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். பெரியம்மாவுக்கான ரிப்போர்ட் மனதுக்குள் தயாரானது.

எட்டு மணிக்கு அண்ணன் போன் அடித்தது. இந்தியாவில் மாலை நாலரை. பெரியம்மா காபி குடித்துவிட்டு மகனைக் கூப்பிடும் நேரம். அண்ணன் போனோடு வெளியே போனார். அந்த நேரம் பார்த்து ஆர்டர் எடுக்கும் பெண் என் முன்னால் வந்து நின்றார். அண்ணனின் டம்ளரைக் காட்டினேன். "ஊலாங்?" என்று கேட்டார். நானும் வந்து மூன்று நாளாகிவிட்டதே, ஜப்பானிய மொழியில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹாய்' என்று கற்றுக்கொண்டிருந்தேனே! பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு சொன்னேன்: "ஊலாங்... ஹாய்!"

அவர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். "ஊலாங்-ஹாய்?" நானும் மறுபடி "ஹாய், ஹாய்" என்றேன்.

ஊலாங்-ஹாய் என்பது மெனுவில் தனியாக இருக்கும் ஒரு அயிட்டம். ஊலாங் டீயில் ஷோச்சு கலந்தது. அந்த 'ஹாய்', ஹைபால் என்ற சொல்லின் வால். அரிசி, பார்லி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று எதிலிருந்தும் ஷோச்சு வடிப்பார்கள். பெரும்பாலும் 25 சதவீத ஆல்கஹால். டீயில் கலந்தால் நிறம் மாறாது. அதே பழுப்பு, அதே ஐஸ், அதே டம்ளர்.

கொஞ்சம் கசந்தது. வெளிநாட்டு டீ அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வறுத்த கோழி காரமாக இருந்ததால் மடமடவென்று குடித்தேன். காது சூடானது. ஹீட்டர் அதிகம் வைத்திருக்கிறார்கள் என்று ஸ்வெட்டரைக் கழற்றினேன். பிறகு கண்ணை இழுக்க ஆரம்பித்தது.

அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

"மாத்திரை போட்டியா இன்னைக்கு?"

போட்டிருந்தேன். மார்ச், ஏப்ரலில் ஜப்பானில் சுகி என்ற மரத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும். ஊரில் பாதிப் பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு தும்மிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் வந்த நாளிலிருந்து தும்மல். சென்னையிலிருந்து கொண்டுபோன அலர்ஜி மாத்திரையை மதியம்தான் விழுங்கியிருந்தேன். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை. அதன் மேல் மது சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். அட்டையின் பின்னால் எழுதியிருப்பதுதான், 'நமக்கெதற்கு' என்று ஒருநாளும் படிக்காத வரி.

பெரிதாக எதுவும் ஆகிவிடவில்லை. அண்ணன் இருந்தார், வெளியே ஆட்கள் இருந்தார்கள், மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். தலை சுற்றல் ஒரு மணி நேரத்தில் குறைந்தது. ஆனால், அன்றைக்கு நான் தனியாக அந்த ஊரில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தால்? யாரோ வேண்டுமென்றே செய்ததுகூட இல்லை. நானே கேட்டு வாங்கி, நானே உறுதிப்படுத்திக் குடித்தது.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்ததும் எழுந்து நின்று குனிந்தார். மறுபடி குனிந்தார். கடைப் பெண்ணும் வந்து குனிந்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று நானும் எழுந்து குனிந்தேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தோம். பிறகு மேனேஜர் தன் பீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, தனக்கும் ஒரு ஊலாங்-சா கொண்டுவரச் சொன்னார். உங்களுக்குத் துணை என்றார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரை டம்ளர் பீருக்கே முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. அவர் பேசப் பேச அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார். கிழக்காசியர்களில் நிறைய பேருக்கு மதுவை உடைத்துச் சரியாக வெளியேற்றும் என்சைம் பிறவியிலேயே பலவீனம். ஜப்பானியர்களில் சுமார் 40 சதவீதம் பேர் அப்படி என்கிறார்கள். அந்த வகை உடம்புக்காரர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய் புற்றுநோய் அபாயமும் கூடுதல். மேனேஜரும் அதில் ஒருவர். ஆனால், அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சீனியர் ஊற்றினால் மறுப்பது என்ற பேச்சே இல்லை. 'இக்கி, இக்கி' என்று எல்லோரும் கைதட்ட, ஒரே மூச்சில் குடித்துக்காட்ட வேண்டும். டாய்லெட்டில் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்காருவாராம். உடம்பு வேண்டாம் என்று சொன்னதை முப்பது வருடங்கள் குடித்திருக்கிறார்.

குடிப்பதற்கான ஜப்பானிய சொல் 'நோமு'. அதையும் கம்யூனிகேஷனையும் சேர்த்து 'நோமினிகேஷன்' என்று ஒரு சொல்லே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பகலில் மேலதிகாரியிடம் சொல்ல முடியாததை இரவில் டம்ளரோடு சொல்லிவிடலாம், மறுநாள் இருவருமே அதை மறந்த மாதிரி நடந்துகொள்ளலாம். டிசம்பரில் 'வருடத்தை மறக்கும் விருந்து', ஜனவரியில் புத்தாண்டு விருந்து, ஒரு கடை முடிந்தால் இரண்டாவது கடை, பிறகு மூன்றாவது... இப்போது கட்டாயப்படுத்திக் குடிக்கவைப்பதற்கு 'ஆல்கஹால் ஹராஸ்மென்ட்' என்ற பொருளில் 'அருஹாரா' என்று பெயர் வந்துவிட்டது. அண்ணன் டீமிலேயே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் முதல் ரவுண்டிலிருந்தே கோலாதான். மேனேஜர் அவர்களைக் காட்டி, இவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்றார்.

இன்றைய ஜப்பானிய இளைஞர்கள் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாகக் குடிக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. 2022-ல் அந்த நாட்டின் தேசிய வரித்துறையே '20 முதல் 39 வயதுக்காரர்களிடம் மது விற்பனையைத் தூண்ட ஐடியா கொடுங்கள்' என்று ஒரு போட்டி வைத்தது. பெயர் 'சாகே விவா!'. 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சகம், குறைத்துக் குடியுங்கள் என்று முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம், பெண்களுக்கு 20 கிராம் சுத்த ஆல்கஹாலைத் தாண்டினால் வாழ்க்கைமுறை நோய்களின் அபாயம் கூடும் என்றது. வரி ஒரு கையில், மருத்துவச் செலவு இன்னொரு கையில். நமக்குப் பழக்கமான இழுபறிதானே!

விருந்து முடிந்து மற்றவர்கள் இரண்டாவது கடைக்குக் கிளம்ப, நாங்கள் விடைபெற்றோம். போகும் வழியில் கொன்பினியில் மேனேஜர் எனக்கு ஒரு குட்டி பாட்டில் வாங்கிக் கொடுத்தார். மஞ்சள் நிறத்தில் 'உகோன்' பானம். குடிப்பதற்கு முன்பு இதைக் குடித்தால் மறுநாள் தலைவலி இருக்காது என்று நம்பி வாங்குகிறார்களாம். உகோன் என்றால் வேறொன்றுமில்லை, நம் மஞ்சள்! பாட்டி பாலில் போட்டுக் கொடுப்பது கோட் போட்டுக்கொண்டு ஷிம்பாஷியில் நிற்கிறது. வேலை செய்கிறதா என்று கேட்காதீர்கள், எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது தண்ணீரும் தூக்கமும்தான்.

ஸ்டேஷன் படிக்கட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல கோட், டை, தலைக்கு லேப்டாப் பை. ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார், வீட்டு வாசல் என்று நினைத்துவிட்டார் போல. என் கை தானாக போனுக்குப் போனது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்பவளுக்கு அது 'வைரல்' என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அண்ணன் போனை மெல்ல இறக்கினார். "வேண்டாம்மா. மாமாவையும் இப்படி யாராவது பார்த்திருப்பாங்க."

அந்தப் படம் என்னிடம் இல்லை.

நிஷிகசாயில் இறங்கினோம். காலையில் நான் அண்ணியின் சைக்கிளிலும் அவர் தன் சைக்கிளிலும்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தோம். பூட்டைத் திறந்து நான் ஏறப் போனேன். "இறங்கு, தள்ளிக்கிட்டுதான் வரணும்" என்றார். 2024 நவம்பர் 1 முதல் ஜப்பானில் மது அருந்திவிட்டு சைக்கிள் ஓட்டினாலும் கடும் தண்டனை. ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே மூன்று வருடங்கள் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். நிதானம் இழந்து ஓட்டினால் அதைவிட அதிகம். தெரிந்தே சைக்கிள் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. "உன்கூட உங்க அண்ணியும் கம்பி எண்ணணும்" என்றார். கார் விஷயத்தில் இன்னும் பல வருடங்களுக்கு முன்பே இறுக்கிவிட்டார்கள். 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகாவில் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் மோதி, ஒரு குடும்பத்தின் வண்டி பாலத்திலிருந்து கடலில் விழுந்தது. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடே கொதித்தது. மறு வருடம், குடித்தவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், உடன் உட்கார்ந்து போனவர் எல்லோருக்கும் தண்டனை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றலாம் என்று நினைக்கும் டூரிஸ்ட்டுகள், மதியச் சாப்பாட்டோடு ஒரு பீர் என்றாலும் பெடலைத் தொடாதீர்கள்.

கால் மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். வீட்டுக்கு வந்து தூங்கினேன். என் கதை அவ்வளவுதான்.

நண்பனின் கதை அதே இரவில், நகரத்தின் இன்னொரு மூலையில் நடந்துகொண்டிருந்தது. அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

நாங்கள் இருவரும் ஷின்கான்சென் ரயிலில் ஒசாகா போயிருந்தோம். அவன் வழக்கமான ஆளாகவே இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சோற்று உருண்டை ஒன்றை வாங்கித் தின்றான். டாக்ஸியா, வேண்டாம், நடக்கலாம் என்றான். அங்கே ஒரு ஸ்டேஷன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "இந்த பெஞ்ச் ஏன் தண்டவாளத்தைப் பார்க்காம பக்கவாட்டுல போட்டிருக்கு?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே! அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. "எனக்கு 40 ஆயிரம் ரூபா போச்சு" என்றான்.

பெஞ்சுக்கான பதிலை நானே பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். போதையில் பிளாட்பாரத்திலிருந்து விழுபவர்களின் சி.சி.டி.வி பதிவுகளை மேற்கு ஜப்பான் ரயில்வே ஆராய்ந்திருக்கிறது. தள்ளாடித் தள்ளாடி ஓரத்துக்குப் போய் விழுவார்கள் என்றுதானே நினைப்போம்? நிறைய பேர் பெஞ்சிலிருந்து எழுந்து, நேராக நடந்து, அப்படியே தண்டவாளத்தில் விழுந்திருக்கிறார்கள். அதனால் பெஞ்சையே 90 டிகிரி திருப்பிப் போட்டுவிட்டார்கள். எழுந்து நேராக நடந்தாலும் பிளாட்பாரத்திலேயே இருப்பார்கள்.

நண்பன் போனது காபுகிச்சோ. ஷின்ஜுகுவில் இருக்கும் கேளிக்கைப் பகுதி. சிவப்பு நியான் வளைவு, ஒரு கட்டட உச்சியிலிருந்து எட்டிப் பார்க்கும் காட்ஸில்லா தலை என்று போட்டோகிராஃபருக்குச் சொர்க்கம். படம் எடுத்துக்கொண்டிருந்தவனிடம், நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் வந்து, ஒரு மணி நேரத்துக்கு 2,000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றிருக்கிறார். இதில் நம்பும்படியான விஷயம் என்னவென்றால், 'நோமிஹோதாய்' என்று அப்படியொரு திட்டம் ஜப்பானில் நிஜமாகவே உண்டு. நல்ல கடைகளிலும் இருக்கும். ஆகவே, இவன் சந்தேகப்படவில்லை. அந்தத் தெருவில் ஒலிபெருக்கியில், 'கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள்' என்ற எச்சரிக்கை ஓடிக்கொண்டேயிருக்கும். இவன் அதை ஏதோ திருவிழா அறிவிப்பு என்று நினைத்திருக்கிறான்.

லிஃப்ட்டில் நான்காவது மாடி. ஜன்னல் இல்லாத சின்ன பார். இரண்டு பீர் குடித்திருக்கிறான். பில் 68,000 யென். அந்த 2,000 யென் சலுகை குறிப்பிட்ட ஒரு பானத்துக்கு மட்டும்தானாம். இருக்கைக்குத் தனி, ஐஸுக்குத் தனி, சேவைக்குத் தனி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிய பெண் குடித்ததற்குத் தனி. கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கார்டை வாங்கித் தேய்த்தார்கள், அவ்வளவுதான்.

"போலீஸ் பூத் பக்கத்துலயே இருந்திருக்குமே, ஏன் போகல?" என்றேன். கோபான் என்று அங்கே தெருமுனைக்குத் தெருமுனை போலீஸ் பூத் உண்டு. இப்படிக் கொள்ளைக் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்க டோக்கியோவில் 2000-லேயே தனி விதிகள் கொண்டு வந்திருக்கிறார்கள். ஷின்ஜுகுவில் தெருவில் ஆள் பிடிப்பதே விதிமீறல். காசு கொடுப்பதற்கு முன்பே 'கோபானுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்' என்று எழுந்திருந்தால் நிலைமை மாறியிருக்கலாம்.

"என்னன்னு சொல்றது? பொண்ணு உட்கார்ந்து பேசுற பார்ல போய் ஏமாந்துட்டேன்னா? வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்றான்.

அந்த பார் நடத்துகிறவர்கள் நம்பியிருப்பது இந்தக் கூச்சத்தைத்தான் என்று தோன்றியது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. காபுகிச்சோ, ரோப்போங்கி, ஷிபுயா, இகெபுகுரோ பகுதி பார்களில் பானத்தில் மருந்து கலந்து, மயக்கத்தில் கார்டைப் பயன்படுத்திய புகார்கள் பற்றி அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டினரை எச்சரித்திருக்கிறது. இவன் எழுந்து நடந்து வந்தான் என்பதே ஆறுதல்.

நான் ரிப்போர்ட்டர் தோரணையில் ஆரம்பித்தேன். தெருவில் கூப்பிடுகிறவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் போகக் கூடாது, விலைப்பலகை வாசலில் இல்லாத கடைக்குள் நுழையக் கூடாது, இரவில் அளவான பணத்தோடு போக வேண்டும், டம்ளரை விட்டுவிட்டு டாய்லெட் போய்வந்தால் அதைத் தொடக் கூடாது, நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும், அதற்குப் பிறகு ஐந்து மணி வரை டாக்ஸிதான், அதுவும் ராத்திரிக் கட்டணம்... மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவன் கேட்டான். "நீ அன்னைக்கு என்ன குடிச்சே?"

அண்ணி சொல்லியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் அவன் அப்போதுதான் சிரித்தான். பிறகு பேங்க்குக்கு போன் போட்டு கார்டை பிளாக் செய்தோம். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஜப்பான் சுற்றுலா அமைப்பு 24 மணி நேரமும் நடத்தும் உதவி எண் என் கண்ணில் பட்டது: 050-3816-2787. ஆங்கிலத்தில் பேசலாம். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. நண்பன் அதை இப்போதும் போனில் வைத்திருக்கிறான், சென்னையில் அதனால் என்ன பயன் என்று தெரியவில்லை.

திரும்புவதற்கு முந்தைய நாள் உவேனோ பார்க்கில் செர்ரிப் பூக்கள். மரத்தடியில் நீல நிற ஷீட் விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, குழந்தைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் பகலிலேயே சாகே குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் முறைக்கவில்லை. பொது இடத்தில் குடிப்பது அங்கே பொதுவாகத் தடையில்லை. ஷிபுயா ஸ்டேஷன் பக்கம் மட்டும், கூட்டம் அத்துமீறியதால், 2024 அக்டோபரிலிருந்து மாலை 6 மணி முதல் காலை 5 மணி வரை தெருவில் குடிக்கக் கூடாது என்று வருடம் முழுவதற்கும் தடை போட்டிருக்கிறார்கள். மரத்தடியில் அண்ணி பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். என் டம்ளர் வந்ததும் குழந்தை அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஓகே அத்தை" என்று திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் இது நிரந்தர ஜோக் ஆகிவிட்டது.

சென்னை வந்து இறங்கிய மறுநாளே பெரியம்மா போன்.

"பாத்தியா? குடிக்கானா?"

"இல்ல பெரியம்மா. என் கண்ணால பார்த்தேன். எல்லாரும் குடிக்கும்போதும் அண்ணன் டீதான் குடிக்குது. கூட வேலை பாக்குறவங்களே சொன்னாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் தெளிந்தது.

"நீயும் அவன்கூட டீதானே குடிச்சே?"

"நானும் டீன்னுதான் நெனச்சேன் பெரியம்மா."

"அப்படின்னா?"